ராடு வாங்கும் முன் ஒரு கொறடு வாங்குங்கள்: சேலத்து ஏரிகளில் தூண்டில் போட வருகிறவர்களுக்கு

"அண்ணா, தூண்டில் போட ஆசையா இருக்கு, என்ன ராடு வாங்கலாம்?" மாதம் ஒருவராவது என்னிடம் இப்படிக் கேட்டுவிடுகிறார். நானும் சலிக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். முதலில் ஹார்டுவேர் கடைக்குப் போய் மூக்கு நீண்ட கொறடு ஒன்று வாங்கு, வரும் வழியில் மளிகைக் கடையில் பழைய சணல் சாக்கு ஒன்றைக் கேட்டு வாங்கு, ராடைப் பற்றி அப்புறம் பேசுவோம். பாதிப் பேர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து ராடும் ரீலும் வாங்கிக்கொண்டு ஏரிக்கு வந்து, மாட்டிய மீனின் தொண்டைக்குள் விரலை விட்டுக் கொக்கியைத் தோண்டிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

எனக்கும் ஆரம்பத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. ஓமலூர் பக்கம் ஒரு ஏரியில் நாள் சீட்டு வாங்கி உட்கார ஆரம்பித்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, நாலு கிலோவுக்குக் குறையாத கட்லா ஒன்று மாட்டியது. கரைக்கு இழுத்து, வெயிலில் கொதித்துக்கிடந்த கல்லின்மேல் போட்டு, நான் ஒரு போட்டோ, கூட வந்தவன் ஒரு போட்டோ, அப்புறம் வீட்டுக்கு வீடியோ கால். பெரிய கட்லாவைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்று சீட்டின் பின்பக்கமே எழுதியிருந்தது, அதனால் நல்ல பிள்ளையாகத் தூக்கிப்போய்த் தண்ணீரில் போட்டேன். இரண்டு தரம் வாலை ஆட்டியது, அவ்வளவுதான், வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தது. காவலுக்கு இருந்த பெரியவர் மெதுவாக நடந்து வந்து, கம்பால் அதைக் கரைக்கு ஒதுக்கி, எடை போட்டு, "கெடக்குது தம்பி, கிலோ கணக்குக்குக் காசக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ. விடறதுன்னா உசுரோட விடணும்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கீழே எழுதியிருப்பதில் பாதி அவரிடம் கற்றது, மீதி என் சொந்தத் தப்புகளில் கற்றது.

எங்கே போடலாம், எங்கே கூடாது

தண்ணீர் தெரிகிற இடமெல்லாம் தூண்டில் போடுகிற இடம் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுக்காதீர்கள். நம் பக்கத்து ஏரிகள் பெரும்பாலும் நீர்வளத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ சொந்தம், அதில் மீன் பிடிக்கிற உரிமையை மட்டும் தனியாக ஏலம் விடுவார்கள். மீன்பாசி குத்தகை என்று அதற்குப் பெயர். கணக்கு பெரும்பாலும் பசலி ஆண்டில் ஓடும், அதாவது ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டு, தவிடும் புண்ணாக்கும் போட்டு, ராத்திரி ஆள் வைத்துக் காவல் காத்து வளர்க்கிறார். கரையில் யாரும் நடக்கலாம், மாடு தண்ணீர் குடிக்கலாம், மீன் மட்டும் அவருடையது. கேட்காமல் பிடித்தால் அது திருட்டு.

அவர் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார் என்று புரிந்துகொண்டால் பாதி விதிகள் தானாகவே புரிந்துவிடும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் அடிப்படையில் ஆற்று மீன்கள். புதுவெள்ளம் ஓடும்போதுதான் முட்டையிடும், தேங்கிக் கிடக்கிற ஏரியில் எவ்வளவு தின்று கொழுத்தாலும் பெருகாது. 1957-இல் ஹீராலால் சவுத்ரி, அலிகுன்ஹி என்ற இரண்டு மீன் விஞ்ஞானிகள் ஒடிசாவில் இந்தக் கெண்டைகளுக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்துக் காட்டினார்கள், அதற்கு அப்புறம்தான் பண்ணைக் குஞ்சு எல்லா ஊருக்கும் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தது. ஜூலை 10-ஐ தேசிய மீன் விவசாயிகள் தினம் என்று கொண்டாடுவது அதற்காகத்தான். ஆக, ஏரியில் இருக்கிற ஒவ்வொரு கட்லாவும் யாரோ காசு கொடுத்து விட்ட கட்லா. நான் கல்லின்மேல் போட்டு வறுத்ததும் அப்படி ஒன்றுதான்.

சில குத்தகைக்காரர்கள் ஒரு தூண்டிலுக்கு இவ்வளவு என்று நாள் சீட்டு தருவார்கள். சொந்தப் பட்டா நிலத்தில் குளம் வெட்டிச் சீட்டு தருகிறவர்களும் உண்டு. கண்டுபிடிக்கிற வழி பழைய வழிதான்: காலையில் ஏரிக்கரை டீக்கடைக்குப் போய் ஒரு டீ சொல்லிவிட்டு, "ஏங்க, இந்த ஏரி மீன் குத்தகை யாருங்க எடுத்திருக்காங்க?" என்று கேளுங்கள். ஆளைப் பார்த்ததும் நான்கு கேள்விகள்: சீட்டு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, ஒருவர் எத்தனை தூண்டில் போடலாம், எந்த மீனை எடுக்கலாம் எதை விட வேண்டும், எடுக்கிற மீனுக்குக் கிலோ கணக்கில் தனிக் காசு உண்டா. இதைக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் தராசு முன்னால் சண்டை போடுகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன்.

ஏற்காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் கேட்பது, பெரிய ஏரியில் போடலாமா என்று. ஊர் பெயரிலேயே ஏரி இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அது படகு ஓடுகிற ஏரி. குடும்பம் குடும்பமாகப் பெடல் மிதித்துக்கொண்டு போகிற இடத்தில் கொக்கியை வீசுவது என்ன நியாயம்? படகுத் துறையில் கேட்டு, அவர்கள் சரி என்று எழுதிக் கொடுத்தால் ஒழிய ராடை வெளியே எடுக்க வேண்டாம். மேட்டூர் இன்னொரு கதை. 1934-இல் கட்டி முடித்த அந்த அணையில் மீன் பிடிப்பவர்கள் மீன்வளத் துறை உரிமம் வைத்திருக்கிற பரிசல் மீனவர்கள். அவர்கள் ராத்திரி விரித்து வைத்த வலையில் உங்கள் கொக்கி மாட்டி, நீங்கள் கத்தியால் அறுத்துவிட்டுப் போனால், போவது அவர்களுடைய ஒரு நாள் கூலி. மேட்டூர் மீன் வேண்டுமென்றால் அணைப் பூங்கா பக்கம் வறுத்துத் தருகிற கடைகளில் சாப்பிடுங்கள், நானும் அதைத்தான் செய்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் ஏரிக்கும் உண்டா என்று கேட்கிறார்கள். அது கிழக்குக் கடற்கரை விசைப்படகுகளுக்கு. ஏரியில் அந்தத் தடை கிடையாது, குத்தகைக்காரர் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

முந்தின நாள் ராத்திரி

பை கட்டுவது. கொறடு, சாக்கு, கைப்பிடி வைத்த வலை (முடிச்சு உரசாத மெல்லிய கண்ணி வலையாக இருந்தால் செதில் உதிராது), சின்னக் கத்தரி, ஒரு பிளாஸ்டிக் வாளி, தொப்பி, மூன்று லிட்டர் தண்ணீர், குப்பைக்கு ஒரு வெறும் பை. நரம்பு, அதாவது தூண்டில் நூல், நீங்கள் எதிர்பார்க்கிற மீனுக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் தடித்ததாகவே இருக்கட்டும். மெல்லிய நரம்பில் பெரிய மீனை அரை மணி நேரம் விளையாடவிட்டுக் கொண்டுவந்தேன் என்று பெருமை பேசுவார்கள். அந்த அரை மணியில் மீன் செத்த மாதிரிதான், விட்டாலும் பிழைக்காது. அறுந்தால் இன்னும் மோசம், கொக்கியோடும் ஈயக் குண்டோடும் திரியும்.

அப்புறம் கொக்கி. நுனிக்குக் கொஞ்சம் கீழே பின்பக்கம் பார்த்து ஒரு சின்னப் பல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கொறடை எடுத்து அந்தப் பல்லை அப்படியே நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். மீன் நழுவிவிடாதா என்றால், நரம்பைத் தொய்யவிடாமல் வைத்திருந்தால் நழுவாது, தொய்யவிட்டால் பல் இருந்தாலும் போகும். இதில் உங்களுக்கும் ஒரு லாபம். கொக்கி மீனின் வாயில் குத்துகிற அளவுக்கே நம் கட்டைவிரலிலும் குத்தும், பல் நசுங்கிய கொக்கி வந்த வழியே வழுக்கி வந்துவிடும், பல் உள்ள கொக்கிக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். என் இடது கையில் அந்தத் தழும்பு இருக்கிறது.

கரையில் இடம்

ஐந்தரை மணிக்கு வந்தவர் உட்கார்ந்த இடம் அவருடையது, ஏழு மணிக்கு வந்து "கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணா" என்று கேட்பது மரியாதை இல்லை. பக்கத்து ஆளுக்கும் உங்களுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு ராடு நீளம் இருக்கட்டும். உங்களுக்கு நேர் எதிரே உள்ள தண்ணீர்தான் உங்களுடையது. குறுக்கே வீசி அடுத்தவர் நரம்போடு சிக்கினால் உடனே குரல் கொடுத்து, உங்கள் நரம்பை நீங்கள் அறுத்துக்கொள்ளுங்கள், அவருடையதை அறுக்காதீர்கள். பக்கத்தில் யாருக்காவது பெரிய மீன் மாட்டினால் கேட்காமலே உங்கள் தூண்டிலைச் சுருட்டிக்கொள்வது இந்தக் கரைகளில் பழக்கம். நான் பார்த்தவரை சண்டைகளில் பாதி இதைச் செய்யாததால் வருவது.

மதகுப் பக்கம் உட்கார வேண்டாம். தண்ணீர் திறந்தால் கீழே இழுக்கும், பாசனத்துக்குத் திறக்க வருகிறவருக்கும் இடைஞ்சல். ஏரி நிரம்பிக் கோடி போகிற, அதாவது உபரித் தண்ணீர் வழிகிற நாட்களில் அந்தக் கோடியிலும் நிற்காதீர்கள், பாசி வழுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீருக்குள் இறங்காமல் இருப்பது. நம் ஏரிகளில் வண்டல் எடுத்தது, கிராவல் எடுத்தது என்று ஆள் ஆழத்துக்குக் குழிகள் இருக்கும், தண்ணீர் நிரம்பினால் வெளியே தெரியாது. முழங்கால் அளவு என்று நடப்பவர் அடுத்த எட்டில் முங்கிவிடுவார். கொக்கி செடியில் மாட்டியிருக்கிறதே என்று இறங்காதீர்கள். அஞ்சு ரூபாய்க் கொக்கி.

தலைக்கு மேலே பாருங்கள், மின்கம்பி போகிறதா என்று. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், வீசும்போது கம்பியில் பட்டால் கதை முடிந்தது. சித்திரை, வைகாசியில் சேர்வராயன் மலைப் பக்கம் மதியத்துக்கு மேல் கருத்துக்கொண்டு வரும், முதல் இடி கேட்டதுமே ராடைக் கீழே படுக்கப் போட்டுவிட்டு எழுந்துவிடுங்கள், மரத்தடிக்குப் போகாமல் வண்டிக்கோ கட்டிடத்துக்கோ போங்கள்.

கரையில் முனியப்பன் இருந்தால், சேலத்து ஏரிக்கரையில் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம், அந்தத் திண்டின்மேல் இரை பிசைவது, செருப்போடு ஏறுவது, மீனைப் போட்டு வெட்டுவது எல்லாம் வேண்டாம். ஆடி 18 அன்று தண்ணீர் ஓரம் முழுக்கப் பெண்கள் பூசை போட வருவார்கள், அன்றைக்கு ராடை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பாட்டு, புளூடூத் ஸ்பீக்கர், பாட்டில் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். உடைந்த பாட்டில் மேல் மறுநாள் காலையில் வெறுங்காலோடு நடக்கப்போவது மாடு மேய்க்கிற பையன். தங்கச்சிகள், அக்காக்கள் யாராவது தூண்டில் போட வந்தால் வேடிக்கை பார்த்துக் கூட்டம் கூடாமல் உங்கள் தக்கையைப் பாருங்கள்.

இரை

இங்கே விதிகள் ஏரிக்கு ஏரி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். மைதா, கோதுமை மாவு, பொரி, புண்ணாக்கு, மண்புழு, இவை பொதுவாக எல்லா இடத்திலும் சரி. கிலோ கணக்கில் இரையைக் கொட்டி மீனைக் கூட்டுவதைப் பல பேர் அனுமதிப்பதில்லை. மீன் தின்னாமல் அடியில் தங்கும் மாவு புளித்து, அழுகி, தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். கைப்பிடி அளவு போதும். கம்பிச்சுருளில் மாவு உருண்டையை அப்பி, சுற்றிலும் நாலைந்து கொக்கியைத் தொங்கவிடுகிற ஸ்பிரிங் தூண்டில் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஒரு கொக்கியை மீன் விழுங்கும், மீதி நாலும் கண்ணிலும் செவுளிலும் ஏறும். பிடித்ததைத் திருப்பி விட வேண்டிய ஏரியில் அதைப் போடுவது பச்சைத் துரோகம். வெறும் கொக்கியை வீசி வெடுக்கென்று இழுத்து மீனின் உடம்பில் மாட்டுவதும் இதே ரகம்தான்.

எந்த ஆழத்தில் இரை நிற்க வேண்டும் என்பதற்கு மீனின் வாயைப் பாருங்கள். கட்லாவுக்கு வாய் மேல் நோக்கித் திறக்கும், அது மேல்தட்டில் மேய்கிற மீன். ரோகு நடுத்தண்ணீர். மிர்காலுக்கு வாய் கீழே இறங்கியிருக்கும், தரையைத் துழாவும். தக்கையை ஏற்றி இறக்கி வைத்தால், எடுக்கக் கூடாத மீனைத் தொந்தரவு செய்யாமல் எடுக்கக்கூடிய மீனுக்கு மட்டும் போடலாம், ஓரளவுக்காவது.

வெடி, மருந்து, கரண்ட் வைத்துப் பிடிப்பது பற்றி ஒரு வரி. வெடியும் விஷமும் 1897-ஆம் வருட இந்திய மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். பார்த்தால் நீங்களே போய்ச் சண்டைக்கு நிற்காமல் குத்தகைக்காரருக்குப் போன் செய்யுங்கள்.

மீன் மாட்டிய பிறகு

இனிமேல்தான் விஷயம். கரையில் உட்காருகிற எட்டு மணி நேரத்தில் உங்கள் நடத்தை உண்மையில் தெரிவது இந்த இரண்டு நிமிடத்தில்தான்.

மீன் மாட்டும் முன்பே சாக்கை நனைத்து, நிழலான, சமமான இடத்தில் விரித்து வையுங்கள். வாளியில் ஏரித் தண்ணீர் மொண்டு பக்கத்தில் வையுங்கள். கொறடு சட்டைப் பையில் இருக்கட்டும், பைக்குள் டப்பாவுக்கு அடியில் இருந்தால் அது இல்லாத மாதிரிதான். தக்கை முங்கியதும் சுண்டி இழுங்கள், ஆனால் முழு பலத்தோடு இல்லை. மணிக்கட்டு போதும். சிலர் தென்னை மட்டையை இழுக்கிற மாதிரி இழுப்பார்கள், சின்ன மீனாக இருந்தால் தலைக்கு மேல் பறந்து பின்னால் புதரில் விழும்.

கரைக்குப் பக்கத்தில் வந்ததும் நரம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், மொத்த எடையும் வாயின் ஓரத்தில் தொங்கும், உதடு கிழியும். வலையைத் தண்ணீருக்குள் முன்னாடியே அமுக்கி வைத்து, மீனை அதன்மேல் கொண்டுவந்து, வலையை மேலே எடுங்கள். வலையால் மீனைத் துரத்தக் கூடாது. கொக்கி உதட்டில் இருந்தால் மீன் வலைக்குள் தண்ணீரிலேயே இருக்கும்போது கொறடால் பிடித்து ஒரு திருப்பு, வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் மீனைக் கரையேற்றவே வேண்டாம்.

கரையேற்றியே ஆக வேண்டும் என்றால் கையை முதலில் நனையுங்கள். மீனின் மேல் வழவழப்பாக இருக்கிறதே, அது அழுக்கு இல்லை, அதற்குத் தோல் மாதிரி. காய்ந்த கை, துணி, சூடான கல், மண், எது பட்டாலும் அந்த வழவழப்பு உரிந்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சையும் புண்ணும் வரும். அன்றைக்கு நன்றாக நீந்திப் போன மீன் பத்து நாள் கழித்துச் சாகும், நீங்கள் வீட்டில் இருப்பீர்கள், உங்களுக்குத் தெரியாது. ஈரச் சாக்கில் படுக்க வைத்து, ஈரச் சாக்கின் ஒரு முனையால் கண்ணை மூடினால் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்குவது மீன் கடைக்காரர் செத்த மீனைத் தூக்குகிற விதம். உயிரோடு விடப்போகிற மீனை ஒரு கை வாலுக்கு முன்னாலும் ஒரு கை நெஞ்சுக்கு அடியிலும் கொடுத்து, சாக்கிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பிடியுங்கள். நழுவினாலும் சாக்கில்தான் விழும்.

கொக்கி தொண்டைக்குள் போய்விட்டால்? நோண்டாதீர்கள். கத்தரியால் நரம்பை வாய்க்குள் எவ்வளவு உள்ளே முடியுமோ அங்கே வெட்டிவிட்டு அப்படியே விடுங்கள். தோண்டியெடுத்தால் செவுள் கிழியும், செவுளில் ரத்தம் வந்த மீன் பிழைப்பது கஷ்டம். அந்த மீனை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று காவலரைக் கேளுங்கள், பல இடத்தில் சரி என்பார்கள்.

போட்டோ ஒன்று. மீனைத் தூக்கும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு முட்டுகிற நேரம் அதற்கும் முட்டுகிற நேரம். கட்லா இதில் ரொம்ப மென்மை, செதில் பொலபொலவென்று உதிரும், சீக்கிரம் சோர்ந்துவிடும். விரால் காற்றைக் குடிக்கிற மீன், கரையில் கொஞ்ச நேரம் தாங்கும், ஆனால் தாங்குகிறதே என்று கடை விரித்து வைக்காதீர்கள்.

விடும்போது எறியக் கூடாது. குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, நிமிர்ந்த நிலையில் லேசாகத் தாங்கிப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்டுவார்கள், அது தேவையில்லை, தண்ணீர் வாய் வழியே போய் செவுள் வழியே வர வேண்டும், பின்னால் இழுத்தால் அது தலைகீழாகும். சும்மா பிடித்துக்கொண்டு இருந்தால் போதும். செவுள் சீராக மூடித் திறக்க ஆரம்பிக்கும், அப்புறம் ஒரு உதறு, உங்கள் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போகும். அந்த உதறு வருகிற வரைக்கும் கையை எடுக்காதீர்கள். சில நேரம் ஒரு நிமிடம், சில நேரம் ஐந்து நிமிடம். ஓமலூர்க் கட்லாவுக்கு நான் அரை நிமிடம்கூடக் கொடுக்கவில்லை.

மே மாதத்தில் நம் ஊர் வெயில் தெரியும்தானே. தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கிற பிராணவாயு குறையும், விடியற்காலையில் பாசி நிறைந்த ஏரிகளில் இன்னும் குறையும். மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால், இன்றைக்கு நல்ல வேட்டை என்று குதிக்காதீர்கள், அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. தூண்டிலைச் சுருட்டிவிட்டுக் காவலரிடம் சொல்லுங்கள், அவர் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைக் கலக்கிவிடுவார். உங்கள் சீட்டுக் காசை அடுத்த வாரத்துக்கு மாற்றித் தரச் சொல்லி நயமாகக் கேட்கலாம், தப்பில்லை.

எதை எடுப்பது, எதை விடுவது

ஜிலேபிக் கெண்டை மாட்டினால் பெரும்பாலான இடத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், திருப்பி விட்டால்தான் திட்டு. 1952-இல் வெளியிலிருந்து கொண்டுவந்த மீன், தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும், அதனால் கண்மண் தெரியாமல் பெருகி மற்ற மீனின் தீனியைத் தின்றுவிடும். பொரித்தால் நன்றாகவும் இருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் தண்ணீரில் விடவே விடாதீர்கள், காவலரிடம் கொடுத்துவிடுங்கள். அதை வளர்ப்பதற்கு 2000-ஆம் ஆண்டிலிருந்தே மத்திய அரசின் தடை இருக்கிறது, ஏரியில் நுழைந்தால் குஞ்சு எதையும் மிச்சம் வைக்காது. வீட்டுத் தொட்டி மீன் வளர்ந்துவிட்டது என்று கொண்டுவந்து ஏரியில் விடுகிற புண்ணியவான்கள் தயவுசெய்து அந்தப் புண்ணியத்தை விட்டுவிடுங்கள்.

விராலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் கரையோரம் தண்ணீர் மேல் செக்கச்செவேல் என்று குஞ்சுக் கூட்டம் ஒன்று கொதிக்கிற மாதிரி நகர்ந்துகொண்டே போகும். அதற்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும், பக்கத்தில் எது விழுந்தாலும் கோபத்தில் பாய்ந்து கவ்வும். கொக்கி வைத்த ரப்பர் தவளையைப் போலி இரையாக அங்கே போட்டால் நிச்சயம் விரால் கிடைக்கும், அதனால்தான் அது கேவலமான வேலை. காவல் போன அரை மணியில் அத்தனை குஞ்சையும் கெளுத்தியும் கொக்கும் முடித்துவிடும். குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்தால் இருபதடி தள்ளிப் போங்கள்.

ஆமை மாட்டினால் பதற வேண்டாம். நம் ஏரிகளில் அதிகம் இருப்பது பாலாமை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே அட்டவணை. கழுத்தைப் பிடித்து இழுக்காமல், ஓட்டின் பின்பக்கத்தைப் பிடித்து, கொறடால் கொக்கியை எடுத்து விட்டுவிடுங்கள், கடிக்கும், விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கெளுத்தி, தேளி முள் குத்தினால் கை தாங்குகிற அளவுக்குச் சூடான தண்ணீரில் வைத்திருங்கள், வலி இறங்கும், வீங்கினால் டாக்டரிடம் போங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், காலை ஆட்டாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

எடுக்கிற மீனைச் சாக்கில் போட்டுத் துடிக்கவிடாதீர்கள். கண்ணுக்குக் கொஞ்சம் மேலே, உச்சந்தலையில் கட்டையால் ஒரே அடி, அப்புறம் ஐஸ். இது மீனுக்கும் நல்லது, குழம்புக்கும் நல்லது. செதில் உரசுவதையும் குடல் எடுப்பதையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கரையில் செய்தால் நாய் கூடும்.

கிளம்பும்போது

எத்தனை மீன் எடுத்தீர்கள், எத்தனை விட்டீர்கள், ஏதாவது செத்ததா, அத்தனையும் காவலரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் போங்கள். புண் உள்ள மீனைப் பார்த்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், மழை முடிந்த குளிர் நாட்களில் விராலுக்கும் குரவைக்கும் வருகிற புண் நோய் ஏரி முழுக்கப் பரவக்கூடியது. தட்டுவடை செட் வாங்கித் தின்ற பேப்பர், டீ கப் எல்லாம் பைக்குள் போகட்டும். அதைவிட முக்கியம் நரம்பு. அறுந்த நரம்புத் துண்டைக் கரையில் வீசினால் கொக்குக்கும் நாரைக்கும் அது கண்ணி. சேலம் மூக்கனேரியில் நடுவே திட்டு போட்டு மரம் வளர்த்து, அதில் பறவைகள் வந்து அடைகின்றன, அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு மரத்திலாவது நரம்பில் தொங்குகிற நீர்க்காகத்தைப் பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும். நரம்பைச் சின்னச் சின்னத் துண்டாகக் கத்தரித்து வீட்டுக் குப்பையில் போடுங்கள்.

ஒரு ஏரியில் நனைந்த வலையையும் சாக்கையும் அப்படியே மறுநாள் இன்னொரு ஏரியில் முக்காதீர்கள், நோயும் ஆகாயத்தாமரைத் துண்டும் அதோடுதான் பயணம் போகும். மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயில் காட்டுங்கள், சேலத்தில் வெயிலுக்கா பஞ்சம். கொறடைத் துடைத்து மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு வையுங்கள், இல்லையென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் கையில் இருக்கும்போது திறக்காது.